தண்ணீர் மேலேறும்வரை கத்தியை எடுக்காதீர்கள்

வட அமெரிக்காவில், வீட்டுப் பின்புறத்தில் தரைமேல் நீச்சல் குளம் அமைக்கவிருக்கும் தமிழ்க் குடும்பத்தார் அனைவருக்கும்,



பனி விலகி மண் இளகியதும் உங்கள் வீடுகளில் குளப் பேச்சு தொடங்கிவிடும். அமெரிக்காவில் மே மாதக் கடைசியில் வரும் மெமோரியல் டே, கனடாவில் அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் வரும் விக்டோரியா டே. அந்த விடுமுறைக்குள் தண்ணீர் நிரப்பிவிட வேண்டும் என்று பிள்ளைகள் நாளெண்ணுவார்கள். தோண்டிக் கட்டும் குளத்துக்கு ஆகும் செலவில் சிறு பங்கில் தரைமேல் குளம் முடிந்துவிடுகிறது. வேலை தெரிந்த இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் நாமே அமைத்துவிடலாம். ஊரில் கிணற்றிலும் வாய்க்காலிலும் நீந்தப் பழகியவர்களுக்குத் தம் பிள்ளைகளும் தண்ணீரோடு வளர வேண்டும் என்ற ஆசை இருப்பது இயல்பே. அந்த ஆசைக்கு என் முழு ஆதரவு உண்டு.

லாரியில் வந்திறங்கும் பெட்டிகளில் சுருட்டிய உலோகச் சுவர் இருக்கும், மடித்த லைனர் இருக்கும், பம்பும் ஃபில்டரும் இருக்கும். அவற்றோடு கையில் தூக்கிவிடக்கூடிய சின்னப் பெட்டி ஒன்றும் வரும். அதற்குள் இருப்பதுதான் தண்ணீரின் மேற்பரப்பை வழிக்கும் ஸ்கிம்மர். எல்லாரும் களைத்துப்போன பிறகு, இருட்டும் நேரத்தில், அவசர அவசரமாகப் பொருத்தப்படுவதும் அதுதான். இந்தக் கடிதம் அந்தச் சின்னப் பெட்டியைப் பற்றியது. அண்ணன்மாரே, அக்காமாரே, குளத்தின் ஆயுள் அந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், உங்கள் குளம் எப்படி நிற்கிறது என்பதைப் பாருங்கள். 24 அடி விட்டமுள்ள வட்டக் குளத்தில் 4 அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சுமார் 13,500 கேலன், அதாவது 51,000 லிட்டர். எடையில் 51 டன். இவ்வளவையும் வளைத்துப் பிடித்திருப்பது ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்கூட இல்லாத நெளிவரித் தகடு. சுற்றிலும் நிற்கும் கம்பங்கள்தான் தாங்குகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். வட்டக் குளத்தில் அப்படியில்லை. கம்பங்கள் பெரும்பாலும் மேல் விளிம்பைத்தான் தாங்குகின்றன. தண்ணீர் வெளிநோக்கித் தள்ளத் தள்ள, தகடு வளையமாக இழுபட்டு நிற்கிறது. நான் சொன்ன அளவுள்ள குளத்தில், சுவரின் எந்த இடத்தை எடுத்துக்கொண்டாலும் அதன் முழு உயரத்துக்கும் சேர்த்து அந்த இழுவிசை ஏறக்குறைய 2,700 கிலோ எடைக்குச் சமம். தண்ணீர் வெளியே கசியாமல் காப்பது லைனர். அதன் பாரத்தை ஏற்பது தகடு. லைனருக்கு வலிமை கிடையாது. தகட்டுக்கு ஈரம் ஆகாது. ஒன்றையொன்று நம்பித்தான் இரண்டும் நிற்கின்றன.

இந்த இரண்டையும் சேர்த்து நாம் துளைக்கும் இடங்கள் இரண்டே: ஸ்கிம்மரின் வாய், சுத்தமான தண்ணீர் திரும்பி வரும் ரிட்டர்ன் துளை. இரண்டில் ஸ்கிம்மர் வாய்தான் பெரியது.

அந்த வாயைச் சுவரின் உச்சியை ஒட்டி வைத்ததற்குத் தண்ணீரின் மேற்பரப்பை வழிக்க வேண்டும் என்பது மட்டும் காரணமில்லை. இழுவிசை ஆழத்தோடு கூடிக்கொண்டே போகிறது. மேலிருந்து நான்கு அங்குல ஆழத்தில் தகடு தாங்கும் இழுவை, நான்கடி ஆழத்தில் தாங்குவதில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். ஓட்டை போட்டே தீர வேண்டும் என்றால் போடத் தகுந்த இடம் அதுவே. ஆகவே ஆலையிலிருந்து வந்த துளையைக் கீழ்நோக்கி ஓர் அங்குலம் பெரிதாக்கலாமா, அகன்ற வாயுள்ள ஸ்கிம்மருக்காகத் தகட்டை வெட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். சுவரில் எந்த அளவுத் துளை வந்திருக்கிறதோ அதற்குப் பொருந்தும் ஸ்கிம்மரை வாங்குங்கள்.

இன்னொரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காற்றடைத்த வளையம் மேலே மிதக்கும் குளங்களும், குழாய்ச் சட்டத்தில் ரெக்சின் போன்ற சுவர் தொங்கும் குளங்களும் இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. அவற்றில் தண்ணீரைத் தடுப்பதும் பாரத்தைத் தாங்குவதும் ஒரே துணிதான். அதை வெட்டி ஸ்கிம்மர் பொருத்த முயலாதீர்கள். அந்தக் குளங்களுக்கென்றே விளிம்பில் மாட்டித் தொங்கவிடும் ஸ்கிம்மர் இருக்கிறது, அது போதும். இனி நான் எழுதுவதெல்லாம் உலோகச் சுவரும் தனி லைனரும் உள்ள குளத்துக்கு.

சரி, ஸ்கிம்மர் என்ன செய்கிறது? காற்றில் வரும் மகரந்தம், இலை, பூச்சி, உடம்பில் பூசிய சன்ஸ்கிரீன், நம் பிள்ளைகளின் தலையிலிருந்து இறங்கும் தேங்காய் எண்ணெய் எல்லாம் முதலில் மேற்பரப்பில்தான் மிதக்கின்றன. ஊறி அடியில் போய்ப் படிவது அதன் பிறகு. படிவதற்குள் அவற்றை இழுத்துவிட்டால் குளோரினுக்கும் ஃபில்டருக்கும் வேலை குறையும். ஸ்கிம்மர் வாயில் வெயர் என்று ஒரு மிதவைக் கதவு இருக்கிறது. பம்ப் ஓடும்போது அது சற்றுச் சாய்ந்து கொடுக்க, ஏரியின் கலிங்கில் வழிவதுபோலத் தண்ணீர் அதன்மேல் மெல்லிய தகடாக வேகத்தோடு உள்ளே பாய்கிறது. மேற்பரப்பை அந்த வேகம்தான் இழுக்கிறது. பம்ப் நின்றதும் கதவு எழுந்து மூடிக்கொள்வதால் பிடித்த குப்பை திரும்பி வெளியே வராது. வெயர் உடைந்துபோனால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். சில டாலர் விலையுள்ள பொருள்தான், உடனே மாற்றிவிடுங்கள்.

இப்போது வேலைக்கு வருவோம்.

சுவரைப் பிரித்து நிறுத்தும் முன்பே ஸ்கிம்மர் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று முடிவு செய்துவிட வேண்டும். துளை தகட்டிலேயே இருப்பதால், நிறுத்திய பிறகு அதை நகர்த்த முடியாது. உங்கள் தோட்டத்தில் கோடையில் வழக்கமாகக் காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று பாருங்கள். காற்று போய்ச் சேரும் பக்கத்தில் ஸ்கிம்மர் வாய் இருக்கட்டும். குப்பையை வாய்க்கு நேரே கொண்டுவரும் பாதி வேலையைக் காற்றே செய்துவிடும். ரிட்டர்ன் முனையைச் சுவரை ஒட்டிச் சாய்த்துவிட்டால் தண்ணீர் வட்டமாகச் சுழன்று மிச்சத்தையும் கொண்டுவந்து சேர்க்கும்.

பம்ப் எங்கே இருக்கும் என்பதும் இதோடு சேர்ந்ததே. ஹோஸ் நீளத்தைக் குறைக்க எண்ணிப் பம்பையும் ஃபில்டரையும் ஸ்கிம்மருக்கு நேர் கீழே சுவரை ஒட்டி வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி வைக்காதீர்கள். அமெரிக்காவில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளின் மரணத்துக்கு முதல் காரணம் நீரில் மூழ்குவது. நான்கடிச் சுவரே தடுப்பு என்று நம்பி ஏணியைத் தூக்கி வைத்துவிட்டு நீங்கள் உள்ளே வந்திருப்பீர்கள். சுவரோரம் இருக்கும் பம்ப் ஒரு மூன்று வயதுக் குழந்தைக்கு முதல் படி, ஸ்கிம்மரின் மேல்மூடி இரண்டாம் படி. பம்பைத் தள்ளி வையுங்கள். வேலி குறித்து உங்கள் நகராட்சி என்ன கேட்கிறது என்பதைக் குளம் வாங்கும் முன்பே விசாரியுங்கள். பல இடங்களில் 24 அங்குலத்துக்கு மேல் ஆழமுள்ள எந்தக் குளத்துக்கும் தடுப்பு கட்டாயம்.

சுவர் நின்றதும், துளையின் விளிம்பைக் கையுறை போட்டுத் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் அரத்தால் ராவி, துருத்தடுப்புப் பெயின்ட் பூசிக் காயவிடுங்கள். இது பத்து நிமிட வேலை. ஆனால் லைனர் போட்ட பிறகு அந்த விளிம்பை நீங்கள் மறுபடி பார்க்கப் போவதில்லை.

அடுத்து, எது எதன்மேல் வரும் என்ற வரிசை. வெளியிலிருந்து உள்ளே வந்தால் ஸ்கிம்மரின் உடல், கேஸ்கெட், தகடு, மறுபடி கேஸ்கெட், லைனர், கடைசியாக வாயைச் சுற்றித் திருகும் முகப்புச் சட்டம். சில கம்பெனிகள் தகட்டின் விளிம்பைக் கவ்வும்படி மடிந்த ஒரே கேஸ்கெட்டாகத் தருகின்றன. சில, லைனருக்கும் முகப்புச் சட்டத்துக்கும் நடுவில் இன்னொன்றும் தருகின்றன. உங்கள் பெட்டியில் வந்த தாள் என்ன சொல்கிறதோ அதுவே உங்கள் வரிசை. வேலை முடிந்தபின் ஒரு கேஸ்கெட் கையில் மிஞ்சியிருந்தால், அதைக் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கேஸ்கெட்டின் மேல் சிலிகான் பசையைப் பூசுகிறவர்களையும் பார்க்கிறேன். கேஸ்கெட் தட்டையாக அமர்ந்து சீராக அழுந்தினால் அதற்குப் பசை தேவையில்லை. பசை போட்டுவிட்டால் அடுத்த முறை லைனர் மாற்றும்போது எதையும் பிரிக்க முடியாது. வாசலின் போன்ற பெட்ரோலிய ஜெல்லிகள் ரப்பரையே கெடுத்துவிடும்.

லைனர் விரிப்பதைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன், அதிலும் ஸ்கிம்மர் துளைக்கு ஒரு பயன் இருக்கிறது என்பதால். வெயிலுள்ள நாளில் விரித்துத் தொங்கவிட்ட பின், பெரிய வேக்யூம் கிளீனரின் குழாயை ஸ்கிம்மர் துளை வழியாக லைனருக்கும் தகட்டுக்கும் நடுவே விட்டு, சுற்றிலும் டேப் ஒட்டி அடைத்து ஓடவிடுங்கள். நடுவிலுள்ள காற்று போய், லைனர் சுவரோடும் தரையோடும் ஒட்டிக்கொள்ளும். சுருக்கங்கள் கண்முன்னே மறையும். துளையைச் சுற்றி ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. பின்னால் வரும் கசிவுகளில் பல, கேஸ்கெட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஒரு மடிப்பில் ஆரம்பித்தவை.

இனிச் சொல்வதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுதத் தொடங்கினேன். லைனர் தொங்குகிறது, ஸ்கிம்மர் துளை அதன் பின்னால் நிழலாகத் தெரிகிறது, கையில் கத்தி இருக்கிறது. இப்போதே வெட்டி முகப்புச் சட்டத்தைத் திருகிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். வெட்டாதீர்கள். அந்த நேரத்தில் லைனர் இருக்கும் இடம் அதன் கடைசி இடமில்லை. தண்ணீர் ஏற ஏற அதன் பாரம் லைனரின் வினைலைக் கீழே இழுக்கும், மூலைகளில் அழுத்தி நிரப்பும், நீட்டும். வெறுங்குளத்தில் வெட்டிய துளை, தண்ணீர் நிறைந்தபோது அரை அங்குலம் இறங்கிப்போய் நிற்கலாம். அல்லது திருகாணிகள் அதைப் பிடித்துக்கொள்ள, லைனர் அங்கிருந்து கிழியத் தொடங்கலாம். எப்படியானாலும் புது லைனர் போயிற்று.

தண்ணீரைத் திறந்துவிட்டுக் காத்திருங்கள். தோட்டக் குழாய் நிமிடத்துக்கு 9 கேலன் தந்தால் 13,500 கேலன் நிரம்ப 25 மணி நேரமாகும். ஒரு பகலும் ஓர் இரவும் வேண்டும். ஆகவே குளம் நிரப்பும் நாளிலேயே பிறந்தநாள் விழாவுக்கு யாரையும் அழைக்காதீர்கள். அவசரத்துக்குக் காரணம் பெரும்பாலும் விருந்தாளிகள்தான். தண்ணீர் ரிட்டர்ன் துளைக்குச் சற்றுக் கீழே வந்ததும் குழாயை நிறுத்தி, முதலில் ரிட்டர்னைப் பொருத்துங்கள். அது ஸ்கிம்மரை விடக் கீழே இருப்பதால் அதன் முறை முன்னால் வருகிறது. அங்கே கசிவில்லை என்று பார்த்த பிறகு மறுபடி குழாயைத் திறந்து, தண்ணீர் ஸ்கிம்மர் வாய்க்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே வரும்வரை விடுங்கள்.

ஸ்கிம்மரைப் பொருத்த இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று ஸ்கிம்மர் உடலைத் தகட்டோடு சேர்த்துச் சாயாமல் பிடித்திருக்க வேண்டும். மற்றவர் உள்ளே, இடுப்பளவு தண்ணீரில். உள்ளே நிற்பவர் கையில் கம்பியோடு இணைத்த மின்சார டிரில் எந்தக் காரணத்துக்காகவும் வரக் கூடாது. சாதாரண கைத் திருப்புளியே போதும். அதுதான் நல்லதும்கூட, எவ்வளவு இறுக்குகிறோம் என்று கைக்குத் தெரியும். லைனரின் மேல் கட்டைவிரலால் அழுத்தினால் பின்னாலுள்ள திருகாணித் துளைகள் தட்டுப்படும். மேல் நடுத்துளையையும் கீழ் நடுத்துளையையும் குத்தூசியால் மெல்லக் குத்தி, முகப்புச் சட்டத்தை வைத்து அந்த இரண்டு திருகாணிகளை மட்டும் பாதி இறுக்குங்கள். சட்டம் நேராக இருக்கிறதா, கேஸ்கெட் நழுவாமல் இருக்கிறதா என்று இருவரும் பார்த்த பின், மீதித் துளைகளை ஒவ்வொன்றாகக் குத்தித் திருகாணிகளைக் கையாலேயே ஏற்றுங்கள். எல்லாம் ஏறிய பிறகு ஒன்றுக்கு எதிரே ஒன்றாக மாறி மாறி இறுக்குங்கள். ஒரே பக்கமாக இறுக்கிக்கொண்டு போனால் எதிர்ப்பக்கம் தூக்கிக்கொள்ளும். கேஸ்கெட் அழுந்துவது கண்ணுக்குத் தெரிந்ததும் நிறுத்துங்கள். அதற்குமேல் பலம் காட்டினால் பிளாஸ்டிக்கில் திருகாணிப் பிடி உரிந்துபோகும், அல்லது உடலில் மயிரிழை விரிசல் விழும்.

கவனியுங்கள், லைனர் இன்னும் வெட்டப்படவில்லை. சட்டம் முழுதாக இறுகி, லைனரை நான்கு புறமும் கவ்விய பிறகுதான் கத்தி. கத்தியை ஒரு கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். கை தவறி விழுந்தால் அது போய்ச் சேருவது குளத்தின் அடி லைனரில். சட்டத்தின் உள்விளிம்பை ஒட்டி நிதானமாக வெட்டி எடுங்கள். வெட்டியெடுத்த துண்டைக் குப்பையில் போடாமல் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு லைனரில் எங்காவது சின்னக் கிழிசல் வந்தால், அதே நிறத்தில் அதே தடிப்பில் ஒட்டுப்போட இதைவிட நல்ல துண்டு கிடைக்காது. வெயரை மாட்டுங்கள், குப்பை பிடிக்கும் கூடையை வையுங்கள், மறுபடி தண்ணீரைத் திறந்துவிடுங்கள். வாயின் உயரத்தில் பாதிவரை தண்ணீர் நிற்பது சரியான மட்டம். அதற்குக் கீழே போனால் பம்ப் காற்றைக் குடித்து, தண்ணீரில்லாமல் ஓடி, அதன் சீல் சூடேறிக் கெடும்.

ஸ்கிம்மரின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸை மாட்டும் திருகு முனைக்கு டெஃப்லான் டேப் மூன்று நான்கு சுற்று போதும். கையால் இறுக்கி, அதன்பின் கொஞ்சம் மட்டும் கூட்டுங்கள். ஹோஸ் முனைக்கு இரண்டு கிளாம்ப் போட்டு அவற்றின் திருகுகளை எதிரெதிர்ப் பக்கம் வையுங்கள். தண்ணீர் நிறைந்த ஹோஸ் கனமாக இருக்கும். அந்தக் கனம் ஸ்கிம்மரில் தொங்கி அதைக் கீழே இழுக்காதபடி முட்டுக் கொடுங்கள். இந்தக் குழாய் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதால், பம்ப் ஓடும்போது இங்கே தளர்வு இருந்தாலும் தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ரிட்டர்னில் ஓயாமல் குமிழி வந்தால் சந்தேகப்பட வேண்டிய இடம் இது. பம்பை நிறுத்தியதும் அதே இடத்தில் சொட்டத் தொடங்கும்.

முகப்புச் சட்டத்தில் கசிவா என்று அறிவதும் கடினமில்லை. பம்பை நிறுத்திவிட்டு ஓரிரு நாள் தண்ணீர் மட்டத்தைக் கவனியுங்கள். இறங்கிக்கொண்டே வந்து ஸ்கிம்மர் வாயின் கீழ்விளிம்பில் நின்றுவிட்டால் காரணம் ஸ்கிம்மர்தான். பம்ப் நின்று தண்ணீர் அசையாமல் இருக்கும்போது, சட்டத்தின் ஓரத்தில் உணவில் போடும் வண்ணச் சாயம் ஒரு சொட்டு விடுங்கள். அது எந்த இடுக்கில் இழுபடுகிறதோ அங்கேதான் ஓட்டை.

ஸ்கிம்மர் வாய் இருக்கும் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் மிகக் குறைவு. ஆறு அங்குல ஆழத்தில் சதுர அங்குலத்துக்குக் கால் பவுண்டுகூடக் கிடையாது. எனவே ஸ்கிம்மர் கசிவு பீய்ச்சி அடிக்காது. சொட்டும், அல்லது சுவரில் ஈரக்கோடாக வழியும். அதனாலேயே அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. "கொஞ்சம்தானே, வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டுக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த ஈரத்தில் குளோரின் இருக்கிறது. அது தகட்டின் வழியே இறங்கி, தகடு செருகியிருக்கும் அடித் தண்டவாளத்தில் போய்த் தேங்குகிறது. இழுவிசை மிக அதிகமாக இருக்கும் இடம் அதுதான் என்று மேலே சொன்னேன். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்க, அடியில் தகடு துருவில் இளைத்துக்கொண்டே வரும். துருவேறிய தகடு ஒருநாள் பிளந்தால் அது விரிசலோடு நிற்காது, சுவர் அடியிலிருந்து உச்சிவரை திறந்துகொள்ளும். அப்போது 51 டன் தண்ணீர் ஒரே பக்கமாகப் பாயும். எதிரில் யார் நின்றாலும் அடித்துக்கொண்டு போகும். ஸ்கிம்மருக்குக் கீழே காவி நிறத்தில் ஒரு கோடு தெரிந்தால் அந்த வாரமே பாருங்கள். தகட்டை விரலால் அழுத்தும்போது அது நொறுங்கினாலோ உள்வாங்கினாலோ பிள்ளைகளைக் குளத்திலிருந்து வெளியேற்றித் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

பழைய குளத்தோடு வீடு வாங்கியவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உடைந்த ஸ்கிம்மரை மாற்றக் குளத்தை முழுதும் வடிக்கத் தேவையில்லை, வடிக்கவும் கூடாது. வயதான வினைல் தண்ணீரின் பாரம் இல்லாதபோது சுருங்கிவிடும், மறுபடி நீளாது. வாய்க்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே தண்ணீர் இருக்கட்டும். பழையது எந்தக் கம்பெனியின் எந்த மாடலோ அதையே தேடி வாங்குங்கள். லைனரில் ஏற்கனவே திருகாணித் துளைகள் இருக்கின்றன. வேறு மாடலின் துளைகள் அவற்றோடு பொருந்தாவிட்டால் பழைய ஓட்டைகள் கேஸ்கெட்டுக்கு வெளியே வாய் திறந்து நிற்கும். கேஸ்கெட்டும் திருகாணியும் புதிதாகவே போடுங்கள், திருகாணி துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும்.

மின்சாரத்தை மட்டும் நீங்களே செய்யாதீர்கள். இதுவரை சொன்ன எல்லாவற்றையும் பொறுமையுள்ள எவரும் செய்யலாம். இது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வேலை. அமெரிக்க தேசிய மின் விதித் தொகுப்பின் 680ஆம் பிரிவு நீச்சல் குளங்கள் போன்றவற்றைப் பற்றியது. குளத்தின் உட்சுவரிலிருந்து பிளக் பாயின்ட் 6 அடியாவது தள்ளியிருக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்ட கணமே துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்பு இருக்க வேண்டும். உலோகச் சுவர், பம்ப் மோட்டார், சுற்றியுள்ள தரை எல்லாவற்றையும் கனமான செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. வினைல் லைனரும் பிளாஸ்டிக் ஸ்கிம்மரும் உள்ள குளத்தில் தண்ணீர் எந்த உலோகத்தையும் தொடாமல் தனித்து நிற்கிறது. அந்தத் தண்ணீரையும் பிணைக்க 9 சதுர அங்குலப் பரப்புள்ள உலோகம் ஒன்று அதைத் தொட வேண்டும். அதற்கான தகட்டை ஸ்கிம்மருக்குள் பொருத்தும்படியே செய்து விற்கிறார்கள். எலக்ட்ரீஷியனை அழைத்தவுடன் இதைக் கேளுங்கள். கனடாவில் உள்ளவர்கள் அங்குள்ள விதிகளை உள்ளூர் ஆய்வாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குளோரின் மாத்திரைகளை ஸ்கிம்மர் கூடைக்குள் போடும் பழக்கம் நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது. டிரைகுளோர் மாத்திரை கரையும் நீர் கடும் அமிலம். பம்ப் நின்றிருக்கும் இரவு முழுக்க அது ஸ்கிம்மருக்குள் தேங்கி, கேஸ்கெட்டையும் வாயோரத்து லைனரையும் தின்னும். காலையில் பம்பைப் போட்டதும் மொத்தமாகப் பம்புக்குள் போகும். மிதக்கும் டப்பாவில் போட்டுவிடுங்கள். அதைவிட முக்கியமானது: டிரைகுளோர் மிச்சம் இருக்கும் எதிலும் கால்சியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் தூளைக் கொட்டாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே கரண்டியைக்கூட இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள்.

கூடையைத் தினமும் காலையில் பம்பை நிறுத்திவிட்டு எடுத்துக் கொட்டுங்கள். பம்ப் ஓடும்போது ஸ்கிம்மரின் அடித்துளைக்குள் கையை விடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். மரங்கள் பூக்கும் காலத்தில் கூடையின்மேல் மெல்லிய நைலான் உறை ஒன்றைப் போட்டால் மகரந்தத்தின் மஞ்சள் மாவு அதில் தங்கிவிடும். எண்ணெய் தேய்த்த தலையோடு வரும் பிள்ளைகளை முதலில் ஷவரில் நிறுத்துங்கள். மேற்பரப்பு எண்ணெயை ஸ்கிம்மர் இழுத்துக்கொள்ளும். ஆனால் இழுத்ததெல்லாம் ஃபில்டரில்தான் போய் ஒட்டுகிறது.

கடைசியாகக் குளிர்காலம். செப்டம்பரில் லேபர் டே முடிந்து பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் குளத்தை மறந்துவிடுவீர்கள். தண்ணீர் உறையும்போது 9 சதவீத அளவுக்கு விரிகிறது. வாயளவு தண்ணீரோடு குளத்தை விட்டுவிட்டால், ஸ்கிம்மருக்குள் உறையும் பனிக்கட்டி உடலைப் பிளந்துவிடும். ஏப்ரலில் பார்க்கும்போதுதான் தெரியும். வாய்க்குக் கீழே சில அங்குலம்வரை தண்ணீரை இறக்கி, ஹோஸைக் கழற்றி, ஸ்கிம்மரை வடித்துவிடுவது ஒரு வழி. முகப்புச் சட்டத்தின் மேல் பொருந்தி வாயை மூடும் பிளாஸ்டிக் மூடி வாங்கினால் தண்ணீரை அவ்வளவு இறக்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பதை மட்டும் வடித்தால் போதும். ரிட்டர்னை அடைக்கத் தனி அடைப்பான் உண்டு. மூடி போடுவதானால் முதல் உறைபனிக்கு முன்பே, தண்ணீரில் கை வைக்க முடிகிற நாளில் போட்டுவிடுங்கள். இருக்கும் முகப்புச் சட்டத்தின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள், எல்லா மூடியும் எல்லாச் சட்டத்துக்கும் பொருந்தாது.

அன்புடன்,
உங்களில் ஒருவன்